கட்டியின் ஆர்என்ஏவில் தென்படும் எழுத்துமாற்றம் நொதியின் திருத்தம்தானா என்று சோதிப்பது எப்படி

கல்லீரல் புற்றுக்கட்டி ஒன்றின் ஆர்என்ஏவை வரிசைப்படுத்தி, ஏஸின்1 மரபணுவின் மேல் வந்து பொருந்திய ரீட்களை (கருவி படித்துத் தரும் சிறு எழுத்துத் தொடர்களை) திரையில் விரித்துப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் குரோமோசோமில், மனித மரபணுத்தொகுதியின் எச்ஜி19 பதிப்பின் கணக்கில் 103841636ஆம் இடத்தில், 40 ரீட்களில் 30 ரீட்கள் மரபணுத்தொகுதியில் உள்ள டி என்ற எழுத்தையே காட்ட, மீதி 10 ரீட்கள் சி என்று காட்டுகின்றன. ஏஸின்1 எதிர் இழையில் எழுதப்பட்ட மரபணு ஆகையால், ஆர்என்ஏவின் பக்கம் நின்று பார்த்தால் இது ஏ என்ற எழுத்து ஜி ஆன மாற்றம். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவில் இந்த மாற்றம் இல்லை. டிஎன்ஏ அப்படியே இருக்க, ஆர்என்ஏவின் எழுத்தை மட்டும் ஒரு நொதி மாற்றுவதற்கு ஆர்என்ஏ திருத்தம் என்று பெயர். உடனே "கட்டியில் ஆர்என்ஏ திருத்தம்" என்று எழுதிவிடக் கை பரபரக்கும். இந்த ஓர் இடத்தைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கும். 2013இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு, புற்றுநோயில் ஆர்என்ஏ திருத்தம் என்றாலே முதலில் எடுத்துக்காட்டப்படும் இடம் இதுதான். ஆனால் உங்கள் பட்டியலில் வரப்போகும் ஆயிரக்கணக்கான மற்ற இடங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவற்றில் பெரும்பாலானவை வேறு காரணங்களால் வந்தவையாக இருக்கும் என்ற எண்ணத்தோடு தொடங்குவதே இந்த வேலைக்கு ஏற்ற மனநிலை.

நொதி செய்வது என்ன

அடினோசினை (ஏ) இனோசினாக மாற்றும் நொதிக்கு ஏடார் என்று பெயர். அடினோசினின் ஆறாம் கார்பனில் இருக்கும் அமினோ தொகுதியை நீக்கி அங்கே ஆக்சிஜனை வைப்பது மட்டுமே அது செய்யும் வேலை. ஆனால் இனோசின் சிடிடினோடு இணைசேர்வதால், செல்லின் ரைபோசோமும் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ பிரதி எடுக்க நம் ஆய்வகத்தில் பயன்படும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியும் அதைக் குவனோசின் (ஜி) என்றே படிக்கின்றன. வரிசைப்படுத்தும் கருவியில் நாம் பார்க்கும் ஜி என்பது இனோசினின் நிழல். இனோசினை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை. 1987இல் ஜெனோபஸ் தவளையின் கருவில், இரட்டை இழை ஆர்என்ஏவைப் பிரித்துவிடும் ஏதோ ஒரு செயல்பாடாகத்தான் இது முதலில் தென்பட்டது. இழைகள் பிரிவதற்குக் காரணம் எழுத்து மாறுவதுதான் என்பது அடுத்த ஆண்டு தெளிவானது. இரட்டை இழை இல்லாத இடத்தில் ஏடார் வேலை செய்யாது என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை உதவும்.

மனிதரில் மூன்று ஏடார்கள் உள்ளன. ஏடார்1 இரண்டு வடிவங்களில் வருகிறது: எப்போதும் இருக்கும் பி110, பெரும்பாலும் உட்கருவில் தங்குவது, வைரஸ் வந்தால் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் சமிக்ஞையால் கூடும் பி150, சைட்டோபிளாசத்தில் மிகுதியாக இருப்பது. இதன் மரபணு ஒன்றாம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது, அந்தப் பகுதி கல்லீரல், மார்பகப் புற்றுகளில் அடிக்கடி கூடுதல் பிரதிகளாகப் பெருகும் பகுதி. ஏடார்2 மூளையில் சிறப்பாக வேலை செய்கிறது. ஏடார்3இல் வினையாற்றல் காணப்படவில்லை.

சிடிடினை (சி) யூரிடினாக (யு) மாற்றுவது வேறொரு குடும்பம், அபோபெக். குடல் செல்களில், கொழுப்பைச் சுமக்கும் புரதத்துக்கான அபோபி ஆர்என்ஏவின் 2153ஆம் கோடானை (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்தை) சிஏஏ என்பதிலிருந்து யுஏஏ என்ற நிறுத்தக் குறியாக்கி, புரதத்தைப் பாதியில் வெட்டுவது அபோபெக்1. திருத்த நொதிக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் வலுத்ததும் இதிலிருந்துதான்: இந்த நொதியைக் கல்லீரலில் அளவுக்கு மீறி உண்டாக்கிய எலிகளுக்கும் முயல்களுக்கும் கல்லீரல் புற்று வந்ததை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாதிரியைக் கையில் எடுக்கும் முன்

முதல் பத்தியில் நான் வேண்டுமென்றே ஓர் ஓட்டையை விட்டிருக்கிறேன். ரத்தத்தின் டிஎன்ஏவில் மாற்றம் இல்லை என்பது, அது பிறப்பிலேயே வந்த வேறுபாடு அல்ல என்பதை மட்டும் காட்டும். கட்டியில் புதிதாகத் தோன்றிய டிஎன்ஏ பிறழ்வாக அது இருக்கலாம் என்ற வாய்ப்பை அடைக்காது. ஆகவே கட்டியின் அதே துண்டிலிருந்து டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் வேண்டும். பக்கத்துத் திசுவிலிருந்தும் இவ்விரண்டும் வேண்டும். எக்ஸோம் வரிசைப்படுத்தல் மட்டும் செய்திருந்தால், புரதம் எழுதும் பகுதிகளுக்கு அது போதும். ஆனால் திருத்தங்களில் மிகப் பெரும்பாலானவை இன்ட்ரான்களிலும் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) முடிவுப் பகுதிகளிலும் இருக்கும், ஆலு என்ற திரும்பத் திரும்ப வரும் தொடர்களில் நிகழ்கின்றன, அங்கே எக்ஸோம் தரவு வெறுமையாகவே இருக்கும். நம் மரபணுத்தொகுதியில் ஆலு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பரவிக் கிடக்கிறது. எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாக அமைந்த இரண்டு ஆலுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஏடாருக்கு வேண்டிய இரட்டை இழையைத் தருகின்றன.

ஆர்என்ஏ நூலகம் (வரிசைப்படுத்தத் தயாரான துண்டுகளின் தொகுப்பு) தயாரிக்கும்போது இழை எது என்று காட்டும் முறையைக் கேட்டு வாங்குங்கள். இழை தெரியாத நூலகத்தில், எதிர் இழை மரபணுவின் ஏ-ஜி மாற்றம் டி-சி ஆகத் தோன்றும். இரண்டு மரபணுக்கள் எதிரெதிராக ஒன்றன்மேல் ஒன்று அமைந்த பகுதிகளில் எது எதுவென்று பிரிக்க வழியிருக்காது. ஆர்என்ஏவோடு டிஎன்ஏ கலந்துவிடாதபடி டிஎன்ஏஸ் நொதியால் சுத்தம் செய்வதையும் விட்டுவிடாதீர்கள். டிஎன்ஏ கலந்தால் திருத்தப்படாத எழுத்து கூடி, அளவு குறைவாகத் தெரியும். ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த பழைய திசுக்கள் மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஃபார்மலின் சைட்டோசினைச் சிதைத்து யுராசில் ஆக்கும் தன்மையுடையது. அத்தகைய திசுவில் காணும் சி-யு மாற்றத்தை அபோபெக்கின் கணக்கில் எழுதுவதற்கு எனக்குத் துணிவில்லை.

வடிகட்டும் வேலை

இந்தத் துறையில் நுழையும் எவரும் 2011இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வாண்டு சயன்ஸ் இதழில், 27 பேரின் செல்களை ஆராய்ந்து, ஆர்என்ஏவுக்கும் டிஎன்ஏவுக்கும் இடையில் 10,000க்கும் மேற்பட்ட இடங்களில் வேறுபாடு இருப்பதாகவும், சாத்தியமான 12 வகை மாற்றங்களும் அவற்றில் உள்ளதாகவும் ஒரு கட்டுரை வந்தது. 12 வகையையும் செய்யத் தெரிந்த நொதிகள் எவை என்ற கேள்வி உடனே எழுந்தது. 2012இல் அதே இதழில் மூன்று மறுப்புக் குறிப்புகள் வெளிவந்தன. அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி ரீட்களின் முனைகளில் குவிந்திருந்ததையும், ஒத்த மரபணுக்களின் ரீட்கள் தவறான இடத்தில் பொருத்தப்பட்டதையும் அவை எடுத்துக்காட்டின. அன்று வடிகட்டியில் இல்லாதவை இன்று எல்லா வழிமுறைகளிலும் கட்டாயமாகிவிட்டன.

ரீட்களை ஸ்டார் போன்ற மென்பொருளால் பொருத்திய பிறகு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தும் ரீட்களை வைத்துக்கொண்டு, பிசிஆர் என்ற பெருக்கும் முறையால் வந்த நகல்களை நீக்குங்கள். ஒவ்வொரு ரீட்டின் தொடக்க 6 எழுத்துகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஆறெழுத்துத் தொடக்கிகள் சரியாகப் பொருந்தாமலே ஒட்டிக்கொள்வதால் அங்கே பொய்யான மாற்றங்கள் மலிந்திருக்கும். இன்ட்ரான் வெட்டப்படும் எல்லையின் ஓரத்தில் வரும் மாற்றங்களையும் அதே ஐயத்தோடு பாருங்கள். எழுத்தின் தர மதிப்பு 30க்குக் கீழே இருந்தால், அதாவது ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் பிழை வாய்ப்பு இருந்தால், அதை எண்ணாதீர்கள். பிறகு டிபிஸ்னிப், நோமாட் தரவுத்தளங்களில் உள்ள மரபு வேறுபாடுகளை நீக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: பழைய டிபிஸ்னிப் பதிவுகளில் சில, ஆர்என்ஏவிலிருந்து பெறப்பட்டு மரபு வேறுபாடு என்று தவறாக நுழைந்த திருத்த இடங்கள். உங்களிடம் அதே நோயாளியின் டிஎன்ஏ இருந்தால் அதையே நம்புங்கள், தரவுத்தளம் இரண்டாம் சாட்சிதான். ரெடிடூல்ஸ், ஜக்கூசா போன்ற கருவிகள் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டையும் சேர்த்து வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்கின்றன.

வடிகட்டி முடித்த பட்டியல் சரியாக வந்திருக்கிறதா என்று அறிய, 12 வகை மாற்றங்களும் எத்தனை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஏ-ஜி மற்ற எல்லாவற்றையும் விடத் தனித்து ஓங்கி நிற்க வேண்டும். ஜி-ஏ, சி-ஏ போன்றவை அதற்கு அருகில் வந்தால், உங்கள் ஏ-ஜிகளிலும் அதே விகிதத்தில் குப்பை இருக்கிறது என்று பொருள். இன்னொரு சோதனை அண்டை எழுத்துகள்: ஏடார் தன் இலக்குக்கு இடப்பக்கத்தில் ஜி இருப்பதை விரும்பாது, வலப்பக்கத்தில் ஜி இருப்பதை விரும்பும். உங்கள் பட்டியலின் இடப்பக்க எழுத்துகளில் ஜி அரிதாக இல்லை என்றால், பட்டியலைத் திரும்பத் தொடங்குங்கள்.

எஞ்சிய இடங்களில் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொன்றையும் ரீட்களை விரித்துக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் திறந்து கண்ணால் பாருங்கள். மாற்றம் ரீட்களின் நடுவிலும் இரு முனைகளிலும் பரவி வருகிறதா, முன்னும் பின்னுமான ரீட்கள் இரண்டிலும் வருகிறதா, மாற்றமுள்ள ரீட்கள் எல்லாவற்றிலும் கூடவே இன்னும் இரண்டு மூன்று மாற்றங்கள் சேர்ந்தே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது போலிமரபணுவின், அதாவது மரபணுவைப் போலவே இருக்கும் செயலிழந்த நகலின், அடையாளம். ஒருமுறை இரண்டு வாரம் ஓர் இடத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். அந்த ரீட்டை எடுத்து, மரபணுத்தொகுதி முழுவதிலும் ஒத்த தொடரைத் தேடும் பிளாட் தேடலில் போட்டதும், வேறொரு குரோமோசோமில் உள்ள போலிமரபணுவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துவது 5 நொடியில் தெரிந்தது. அன்றிலிருந்து பிளாட் தேடலை முதல் நாளிலேயே செய்துவிடுகிறேன். மறுபுறம், ஆலு பகுதிகளில் ஒரே ரீட்டில் பல ஏ-ஜிகள் வருவது உண்மையான திருத்தத்தின் இயல்பு. சில ரீட்களில் மாற்றங்கள் மிகுந்துபோய், பொருத்தும் மென்பொருளே அவற்றைத் தள்ளிவிடும். அவற்றை மீட்க, ரீட்களிலும் மரபணுத்தொகுதியிலும் எல்லா ஏக்களையும் ஜியாக மாற்றி மறுபடி பொருத்தி, பிறகு பழைய எழுத்துகளை மீட்டு ஒப்பிடும் முறை 2014 முதல் புழக்கத்தில் உள்ளது.

அளவைச் சொல்வது

திருத்த அளவு என்பது ஜி ரீட்களை ஏ, ஜி ரீட்களின் கூட்டுத்தொகையால் வகுத்த விகிதம். நம் எடுத்துக்காட்டில் 10ஐ 40ஆல் வகுத்தால் 25%. ஆனால் 40 ரீட்களிலிருந்து வந்த இந்த 25 சதவீதத்தின் 95% நம்பக எல்லை, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பு, தோராயமாக 14 முதல் 40 வரை விரிகிறது. பக்கத்துத் திசுவில் 15% என்று வந்தால், கட்டியில் திருத்தம் கூடியிருக்கிறது என்று இந்த ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. ஆழம், அதாவது ரீட்களின் எண்ணிக்கை, குறைந்தால் இன்னும் மோசம்: உண்மையில் 10% திருத்தம் உள்ள இடத்தை 20 ரீட்களால் பார்த்தால், ஒரு ஜிகூடக் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 0.9ஐ 20 முறை பெருக்கிய மதிப்பு, ஏறத்தாழ 12%. அதே இடத்தை 50 ரீட்களால் பார்த்தால் அந்த வாய்ப்பு 0.5 சதவீதமாகச் சுருங்கும். "பக்கத்துத் திசுவில் திருத்தம் இல்லை" என்ற வாக்கியத்தை எழுதும் முன் அங்கே எத்தனை ரீட்கள் இருந்தன என்று பாருங்கள்; மரபணுவே அங்கு குறைவாகப் படியெடுக்கப்படுவதால் ரீட்கள் குறைந்திருக்கலாம்.

தனியிடங்களை விட்டு, கட்டி முழுவதிலும் நொதியின் செயல் கூடியதா குறைந்ததா என்று கேட்பதானால், ஆலு திருத்தக் குறியீட்டைக் கணக்கிடுவதே நல்லது. எல்லா ஆலுக்களிலும் உள்ள ஏ இடங்களின் மேல் வந்த ரீட்களைக் கூட்டி, அவற்றில் ஜி எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகச் சொல்லும் முறை இது. தேர்ந்தெடுத்த சில இடங்களை வைத்துச் சராசரி போடுவதை விட இது நிலையானது.

ஆய்வக மேசையில்

கணினியில் தேறிய இடத்தை அதே திசுவின் டிஎன்ஏவிலும் சிடிஎன்ஏவிலும் (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ பிரதி) பிசிஆர் செய்து, எழுத்துகளை முகடுகளாகக் காட்டும் சாங்கர் முறையில் வரிசைப்படுத்துங்கள். டிஎன்ஏவில் ஏயின் ஒற்றை முகடும், சிடிஎன்ஏவில் அதே இடத்தில் ஏ, ஜி என இரண்டு முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் தெரிய வேண்டும். தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டி, அதில் எதுவும் பெருகவில்லை என்று காட்டுங்கள். முகடுகளின் உயரத்தை வைத்து அளவைச் சொல்வது தோராயம்தான். 10 சதவீதத்துக்குக் கீழான திருத்தம் பின்னணி இரைச்சலில் மறைந்துவிடும், அதற்குப் பிரதிகளைத் தனித்தனியாக எண்ணும் டிஜிட்டல் பிசிஆர் வேண்டும். தொடக்கிகள் வேறொரு திருத்த இடத்தின் மேல் உட்காரும்படி வடிவமைத்தால், திருத்தப்பட்ட பிரதிகள் பெருகாமல் போய் அளவு பொய்யாகும்.

ஜி என்று படிப்பது இனோசின்தான் என்பதை வேதியியலாலேயே காட்டவும் வழி உண்டு. அக்ரிலோநைட்ரைல் இனோசினோடு பிணைந்து, படியெடுப்பு நொதியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இவ்வாறு பதப்படுத்திய ஆர்என்ஏவில் ஜி முகடு மறைந்தால் அது இனோசின். மறையாமல் நின்றால் அது டிஎன்ஏவிலேயே எழுதப்பட்ட ஜி.

கட்டியையும் பக்கத்துத் திசுவையும் ஒப்பிடும்போது

கட்டியில் புற்றுச் செல்கள் மட்டும் இருப்பதில்லை. நோயெதிர்ப்புச் செல்களும் ரத்தக்குழாய்களும் நாரிழைகளும் கலந்திருக்கும். நோயெதிர்ப்புச் செல்கள் கூடிய கட்டியில் இன்டர்ஃபெரான் கூடும், அதனால் ஏடார்1 பி150 கூடும், அதனால் திருத்தமும் கூடும். இப்படி வந்த உயர்வு புற்றின் காரணமா, அழற்சியின் சாயலா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். குறைந்தது, இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்களின் அளவையும் கட்டியில் புற்றுச் செல்களின் பங்கையும் கணக்கீட்டில் சேர்த்த பிறகாவது வேறுபாடு நிற்கிறதா என்று பாருங்கள். எதிர்த்திசையிலும் இதே பொறி உண்டு. மூளையில் நரம்புச் சமிக்ஞையைப் பெறும் குளூஏ2 ஏற்பியின் க்யூ/ஆர் இடம் (குளூட்டமின் அர்ஜினின் ஆகும் இடம்) ஏடார்2ஆல் ஏறத்தாழ 100% திருத்தப்படுகிறது. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் அது குறைந்திருப்பதை 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் மூளைத்திசுவையும் கட்டியையும் பக்கம் பக்கமாக வைக்கும்போது, நரம்புச் செல்களை, அவற்றைத் தாங்கும் கிளையா வகைச் செல்களோடுதான் ஒப்பிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

அது ஏதாவது செய்கிறதா

திருத்தம் உண்மை, கட்டியில் கூடுதல் என்ற இரண்டும் நிலைநின்ற பிறகும், புற்றில் அதற்குப் பங்கு உண்டா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஏஸின்1 ஏன் எடுத்துக்காட்டாக நிற்கிறது என்றால், அங்கே இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. திருத்தம் 367ஆம் இடத்தில் செரினை கிளைசின் ஆக்குகிறது. ஆன்டிசைம் என்ற புரதம் ஆர்னிதின் டிகார்பாக்ஸிலேஸையும் சைக்ளின் டி1ஐயும் சிதைவுக்கு அனுப்புவது. ஏஸின்1 அந்த ஆன்டிசைமைப் பிடித்துவைப்பது. கிளைசின் கொண்ட ஏஸின்1 அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, ஆகவே வளர்ச்சியைத் தூண்டும் அந்த இரண்டு புரதங்களும் சிதையாமல் தங்குகின்றன.

உங்கள் இடத்தை இதுபோலச் சோதிக்க, ஏடார்1ஐ நீக்கிவிட்டுச் செல்கள் சாவதைக் காட்டுவது போதாது. இந்தத் துறையில் அதிகம் செய்யப்படும் தவறு இதுவே என்று நினைக்கிறேன். ஏடார்1 இல்லாத செல்லில் திருத்தப்படாத இரட்டை இழை ஆர்என்ஏ தேங்கி, எம்டிஏ5, பிகேஆர் என்ற உணரிகள் அதை வைரஸ் என்று எண்ணி எச்சரிக்கை ஒலிக்கும். செல் அதனாலேயே செத்துப்போகலாம், உங்கள் இடத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லாமலே. கட்டிச் செல்களில் ஏடார்1 இல்லாமல் போனால் நோயெதிர்ப்பின் மேலுள்ள தடைகளை நீக்கும் சிகிச்சைக்கு அவை மறுபடி பணிகின்றன என்று எலிகளில் காட்டிய 2019ஆம் ஆண்டின் ஆய்வுக்கு அடிப்படையும் இதுதான். மருந்து தேடுவோருக்கு அது பெரிய செய்தி, ஆனால் தனியொரு இடத்தின் பங்கை அது நிறுவாது.

செய்ய வேண்டியது, நொதியைத் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றுவது. ஏஸின்1இல் செரின் கோடான் ஏஜி என்று தொடங்குகிறது. செரினுக்கு யுசி என்று தொடங்கும் நான்கு கோடான்களும் உண்டு. செல்லின் டிஎன்ஏவிலேயே அந்தக் கோடானை யுசி வகைக்கு மாற்றினால் புரதம் அதே செரினோடு இருக்கும், திருத்துவதற்கு ஏ மட்டும் இருக்காது. இன்னொரு செல்வரிசையில் நேரடியாக கிளைசின் கோடானை எழுதினால், அது எப்போதும் திருத்தப்பட்ட நிலை. இவ்விரண்டையும் மாற்றாத செல்லையும் சேர்த்து மூன்றின் வளர்ச்சியை ஒப்பிடுங்கள். நொதியைத் திருப்பித் தந்து மீட்கும் சோதனை செய்வதானால், வினையாற்றல் இழந்த ஏடாரையும் கூடவே வைக்க வேண்டும். ஏடார் திருத்தாமலே வெறுமனே ஆர்என்ஏவோடு ஒட்டியும் சில வேலைகளைச் செய்கிறது. சிறு மரபணுத் துண்டை பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் வைப்பவர்கள், இரட்டை இழையின் மறுபாதி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்: குளூஏ2வில் அது இன்ட்ரானில் இருப்பதால், சிடிஎன்ஏவை மட்டும் வைத்தால் ஏடார்2 எவ்வளவு இருந்தாலும் திருத்தம் நடக்காது. திருத்தப்பட்ட புரதம் செல்லில் உண்மையாகவே இருக்கிறதா என்பதை நிறை நிறமாலையில் தேடலாம். செரின் கிளைசின் ஆனால் அந்தப் பெப்டைடின் நிறை 30.01 டால்டன் குறையும்.

இந்தச் சோதனைகளில் தேறாத இடம் பயனற்றது என்று எறிந்துவிடவும் வேண்டாம். டிடிஓஎஸ்டி மரபணுவின் ஆர்என்ஏவில் 558ஆம் இடத்தில், அபோபெக் குடும்பத்தைச் சேர்ந்த அபோபெக்3ஏ செய்யும் சி-யு திருத்தம் புற்றை உண்டாக்குவதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் கட்டியின் டிஎன்ஏவில் பிறழ்வுகளை விளைவிக்கும் நொதியும் அதே அபோபெக்3ஏதான். டிஎன்ஏவில் காணும் பிறழ்வுகள் எந்தக் காலத்திலும் நேர்ந்தவையாக இருக்கலாம், ஆர்என்ஏவோ சில மணி நேரத்தில் அழிந்து புதிதாக வருவது. ஆகவே டிஜிட்டல் பிசிஆரால் இந்த ஓர் இடத்தை அளந்தால், நொதி கட்டியில் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறதா என்று அறியலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.